தீவிர மெட்டல் இசையும் அதன் திணைகளும்

ஓசையை ஓசை என்று சொல்லிவிடுதல் எளிது. அஃது எவ்வகை ஓசை எனப் பிரித்துக் காட்டுவதே இலக்கணம். இவ்வுண்மை சிங்கப்பூர்த் தமிழருக்குப் புதியதன்று. தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் செல்கின்றன. அவ்வூர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க 1973 முதல் தடை இருந்துவந்தது. 2016ஆம் ஆண்டில்தான் வழியிலே குறித்த சில இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. உறுமியின் முழக்கம் ஒருவர் செவிக்கு வழிபாடு; மற்றொருவர் செவிக்கு வெறும் இரைச்சல். இரைச்சல் என்று பிறர் சொல்லக் கேட்டு வருந்தியவர்கள், தாம் அச்சொல்லை எடுத்தாளும்போது சற்றே தயங்குதல் வேண்டும்.

அதே சிராங்கூன் சாலையில் கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர் சிலரைக் காணலாம். சட்டையின் மார்பில் முட்செடி போலக் கிளைத்த எழுத்துகள் இருக்கும். அவற்றைப் படிப்பதே அரிது. அவர்கள் கேட்பது தீவிர மெட்டல் எனப்படும் இசை. பெற்றோர் அதனைக் கூச்சல் என்பர். ஆனால் அவ்விளைஞரோ அதனுள் ஐந்தாறு வகை கண்டு, ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் பெயரிட்டுச் சொல்வர். அப்பாகுபாடு எத்தகையது என்பதை அறிவது, அவர்களுக்குத் தமிழ் கற்பிப்போர்க்கும் பயன் தரும்.

வகுக்கும் முறை

ஐந்திணையை வகுத்த தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று கூறுகளைக் கொண்டார். முதல் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள்களுள் ஒவ்வொரு திணைக்கும் உரிய பறையும் யாழும் இடம்பெறுகின்றன. உரி என்பது அத்திணையின் உயிரான ஒழுக்கம். மெட்டல் இசையையும் இம்மூன்றால் அளந்து பார்க்கலாம். பிறந்த இடமும் காலமும் முதல். முரசும் கிட்டாரும் குரலும் வழங்கும் முறை கரு. பாட்டின் பொருளும் அது எழுப்பும் மெய்ப்பாடும் உரி. கருவை மட்டும் கேட்டவர் இரைச்சல் என்பார். உரியையும் கேட்டவரே வகை சொல்ல வல்லவர்.

தோற்றம்

இவ்விசையின் தாய்வீடு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். அங்குத் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர், பதினேழாம் வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் வலக்கை விரல்களே கிட்டார் நரம்பை அழுத்த வேண்டியவை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்முனைக்கு உறை செய்து கொண்டார். பின்னர் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியும் வாசித்தார். ஓசை கனத்தது. அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. ஒரு தொழிலாளியின் காயத்துக்கும் இவ்விசையின் கனத்துக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. தாய்வகையான ஹெவி மெட்டலினின்றும் 1980களில் தீவிர வகைகள் கிளைத்தன.

ஐந்து வகைகள்

முதலாவது திராஷ் மெட்டல். 'திராஷ்' என்பதற்கு அடித்து நொறுக்குதல் என்பது பொருள். இதன் நிலம் அமெரிக்காவின் கலிபோர்னியா. பொழுது 1980களின் தொடக்கம். உள்ளங்கையால் நரம்பை ஒற்றியடக்கி விரைந்து மீட்டும் கிட்டார் இதன் கருப்பொருள். குரல் உரத்ததாயினும் சொல் விளங்கும். போர், அநீதி, அதிகாரத்தின் கொடுமை ஆகியவை பாடுபொருள்; ஆதலின் மெய்ப்பாடு வெகுளி. தன் குடியை அலைத்தலும் கொலையும் வெகுளிக்கு நிலைக்களன் எனத் தொல்காப்பியர் கூறுவது இங்கு முற்றும் பொருந்தும். புதிதாகக் கேட்போர்க்கு மெட்டாலிக்கா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) தக்கது. அதே ஆண்டில் வந்த ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' பத்துப் பாட்டுகளை அரைமணிக்குள் முடிக்கும் வேகமுடையது.

இரண்டாவது டெத் மெட்டல், அஃதாவது சாவு மெட்டல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதன் பெருநிலம். சுருதி மேலும் இறங்கும்; இரு கால்களாலும் மிதித்து முழக்கும் முரசு இடைவிடாது ஒலிக்கும். குரல் உறுமலாகும். குரல்நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளையும் அதிரச் செய்து எழுப்பும் குரல் இது. பயிற்சியின்றி முயல்வோர்க்குத் தொண்டை புண்ணாகும். பாடுபொருள் உடலின் அழிவு. மூப்பும் பிணியும் இளிவரலுக்குக் காரணம் என்னும் இலக்கணம் இவ்வகைக்கே எழுதியது போலத் தோன்றும். டெத் என்னும் குழு 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' என்னும் தொகுப்பில் பிணத்தையும் குருதியையும் பாடியது. அக்குழுவே 1995இல் 'சிம்பாலிக்' தொகுப்பில் மனித மனத்தின் தளர்ச்சியையும் இழப்பையும் பாடியது. கரு பெரிதும் மாறவில்லை, உரி முதிர்ந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது சிறந்த பயிற்சி.

மூன்றாவது பிளாக் மெட்டல். வெனம் என்னும் ஆங்கிலக் குழுவின் 1982ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து பெயர் வந்தது. ஆயினும் இதன் நிலம் நார்வே. பெரும்பொழுது பனிக்காலம் என்றே சொல்லலாம். உறுமலுக்கு மாறாகக் கீச்சிட்ட அலறல். ஒரே நரம்பை இடையறாது அதிரச் செய்யும் மீட்டல். வேண்டுமென்றே மெருகிடாத ஒலிப்பதிவு. இதன் மெய்ப்பாடு அணங்கால் விளையும் அச்சம். கிறித்துவப் பகைமை இதன் தொடக்ககாலப் பாடுபொருள். அது பாட்டோடு நில்லாமற் போனதும் உண்மை. 1992 முதல் நார்வேயில் தேவாலயங்கள் பல எரிக்கப்பட்டன. இசைஞர் சிலர் தண்டனை பெற்றனர். 1993இல் இசைஞர் ஒருவரை மற்றோர் இசைஞரே கொன்றார். இவற்றை மறைத்து இவ்வகையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயின் அதே நாட்டு என்ஸ்லேவ்ட் குழுவின் 'ஃப்ராஸ்ட்' (1994) தொகுப்பு வடபுலத்தின் பழம் புராணங்களை இதே ஓசையில் பாடுகிறது. ஓசை ஒன்றாயிருக்கவும் உரி வேறாதல் கூடும் என்பதற்கு அது சான்று.

நான்காவது டூம் மெட்டல். விரைவே தீவிரம் என்று எண்ணுவோரை இது திருத்தும். காலம் மிகத் தாழ்ந்தது. பிண ஊர்வலத்தின் நடை. மெய்ப்பாடு இழவினால் வரும் அழுகை. புறத்திணையின் கையறுநிலையோடு ஒப்பிடலாம். சுவீடனின் கேண்டில்மாஸ் 1986இல் இவ்வகைக்கு வடிவு தந்தது. இங்கிலாந்தின் மை டையிங் பிரைட் குழு 'டர்ன் லூஸ் த ஸ்வான்ஸ்' (1993) தொகுப்பில் வயலினையும் இழைத்தது. நம்மவர் செவிக்கு விரைவில் பழகுவது இதுவே.

ஐந்தாவது கிரைண்ட்கோர், அரைத்தல் என்னும் பொருளில் வந்த பெயர். இதன் நிலமும் பர்மிங்காமே. பங்க் இசையும் மெட்டலும் கலந்து பிறந்தது. முரசுகளை மின்னல் வேகத்தில் மாறிமாறி அடிக்கும் 'பிளாஸ்ட் பீட்' இதன் பறை. பாட்டுகள் குறள் போலக் குறுகியவை. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' (1987) தொகுப்பில் 28 பாட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ ஒரே நொடியில் முடியும். மிகக் குறுகிய பாட்டெனக் கின்னஸ் ஏடு அதனைக் குறித்தது.

இவ்வகைகள் தம்முள் கலத்தலும் உண்டு. நிலமும் கருவும் மயங்கும் திணைமயக்கம் அகப்பாட்டில் வழுவன்று, இங்கும் வழுவன்று.

சிங்கப்பூரின் பங்கு

சிங்கப்பூர் இவ்விசையைக் கேட்டதோடு நிற்கவில்லை. 1990இல் தோன்றிய இம்பயட்டி பிளாக் மெட்டலும் டெத் மெட்டலும் கலந்து வாசித்துப் பிறநாடுகளில் பெயர் பெற்றது. 2007இல் தோன்றிய வார்ம்ராட், பேஸ் கிட்டார் இல்லாமலே கிரைண்ட்கோர் வாசிக்கும் குழு. 2017இல் அது இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் மேடையேறியது. அதன் 'ஹிஸ்' (2022) தொகுப்பு கேட்கத்தக்கது.

தமிழர் தனியே கருதத்தக்கது ருத்ரா. இந்திய வழியினரான இளைஞர்கள் 1992இல் தொடங்கிய குழு இது. கதிரசன் பாடுபவரும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் ஆவார். கருவால் நோக்கின் இஃது டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் மயங்கியது. உரியால் நோக்கின் இரண்டும் அன்று. உபநிடதம், கீதை, வேதாந்தம் ஆகியவை இதன் பொருள். உறுமலுக்கிடையே மந்திர ஒலிகளும் வரும். ஆகவே இதற்கு 'வேத மெட்டல்' என்னும் தனிப்பெயர் வழங்குகிறது. 1998இல் வந்த முதல் தொகுப்பைத் தொடர்ந்து 'குருக்ஷேத்ரா' (2003), 'பிரம்மவித்யா' என்னும் முத்தொகுதி (2005, 2009, 2011) முதலியன வெளிவந்தன. 'எய்ட் மகாவித்யாஸ்' 2022இல் வந்தது. புதிதாகக் கேட்போர் 2005ஆம் ஆண்டின் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூர் இசையாய்வாளர் யூஜின் தைரியநாதன், வேத மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து 2009இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். இரைச்சல் எனப்பட்டது ஆய்வுப்பொருளாயிற்று.

2019 மார்ச்சு 7ஆம் நாள் சிங்கப்பூரில் நடைபெறவிருந்த வேட்டேன் என்னும் சுவீடன் நாட்டுப் பிளாக் மெட்டல் குழுவின் நிகழ்ச்சி, அன்றே நிறுத்தப்பட்டது. வயதுவரம்போடு முன்பு அனுமதி பெற்றிருந்த நிகழ்ச்சி அது. மதங்களை இழித்துரைத்தலும் வன்முறையைப் போற்றுதலும் அக்குழுவின் வரலாற்றில் உள்ளன என்பதே உள்துறை அமைச்சின் கவலை. அம்முடிவு சரியா என்பதில் இருவேறு கருத்துகள் எழுந்தன. எனினும் ஒன்று தெளிவு. நிறுத்தியது ஓசைக்காக அன்று, உரிப்பொருளுக்காகவே. அதற்கு இரண்டாண்டு முன்னர் அதே தீவிர ஓசையோடு அயல்நாட்டு மேடையேறிய வார்ம்ராட்டைச் சிங்கப்பூர் தன் குழுவெனக் கொண்டாடியது.

ஆசிரியர் கருத வேண்டுவது

ருத்ராவின் பாட்டுகள் பெரிதும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. தமிழர் வாழும் நகரில், தமிழர் பங்கேற்ற இசையில், தமிழ் மிகுதியாகக் கேட்கவில்லை. அச்சத்தையும் இளிவரலையும் பாடும் மரபு தமிழுக்கு இல்லையா? கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும், அங்குள்ள பேய்களையும், நடுவே ஆடும் இறைவனையும் பாடினார். புறநானூற்றுக் காஞ்சிப் பாட்டுகள் நிலையாமையை ஒளிவின்றி உரைக்கின்றன. டெத் மெட்டல் கேட்கும் மாணவனுக்கு இவை அயலானவை அல்ல. ஆனால் இவை தன் மொழியில் உள்ளன என்று அவனுக்குச் சொல்வார் வேண்டும். கூழடும் பகுதி அருவருப்பானது என்று வகுப்பில் விரைந்து கடந்துவிடுதல் உண்டு. அவ்வாறு கடக்குந்தோறும், ஆர்வத்தோடு கேட்கக்கூடிய ஒரு செவியைத் தமிழ் இழக்கிறது.

ஆதலின் மாணவனிடம் ஆசிரியர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "ஏன் இந்த இரைச்சலைக் கேட்கிறாய்?" என்பதன்று. "இஃது எவ்வகை? இதன் பறை எது, யாழ் எது, உரிப்பொருள் யாது?" என்பதே. அவன் விடை சொல்லத் தொடங்கும்போது, தான் அறியாமலே திணையிலக்கணம் சொல்லத் தொடங்கிவிடுகிறான். அங்கிருந்து பரணிக்கு அவனை அழைத்துச் செல்வது அரிதன்று.