நீரோடையின் மாசுக்கு ஊர் எது?

திருவனந்தபுரத்தில் தம்பானூரைக் கடந்து ஆக்குளம் காயலை நோக்கிச் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டின் கரையில் நிற்பவர்க்கு, அதில் ஓடுவது இன்னதென்று சொல்ல விஞ்ஞானி வேண்டியதில்லை; மூக்கே போதும். ஆனால் வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த வெள்ளாயணிக் காயலிலோ, நெடுமங்காட்டுப் பக்கமிருந்து வரும் கிள்ளியாற்றிலோ நைட்ரேட் கலந்தால், அதனை மூக்கும் அறியாது, கண்ணும் அறியாது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எனினும் அதனை அலட்சியம் செய்வதற்கில்லை. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் கலக்கிய பாலை உண்ட சிசுக்களின் உடல் நீலம் பாரித்ததை 1945-ஆம் ஆண்டில் ஹண்டர் காம்லி என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக் காட்டினார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அதன் காரணம். குடிநீருக்கு நம் நாட்டில் வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

வீட்டுக்கொரு கிணறும் அதற்குச் சற்றே தள்ளி மலக்குழியும் அமைந்த இந்நாட்டில், குற்றம் உரத்தினுடையதா, குழியினுடையதா என்பது வெறும் வாதமன்று. உழவரைக் குறைகூறிவிட்டுக் குழியைச் செப்பனிடாமற்போனால் கிணறு கெட்டபடியே கிடக்கும்.

சாதாரண ரசாயனப் பரிசோதனை அளவைச் சொல்லும். பிறந்த ஊரைச் சொல்லாது. ஊரைச் சொல்ல வல்லவை ஐஸோடோப்புகள். 1913-இல் பிரெடெரிக் ஸாடி வழங்கிய இச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். இதனை ‘ஓரிடத்தான்’ என்று தமிழாக்கியவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அது பிடித்த சொல். ஆயினும் வழக்கில் வென்றது ஐஸோடோப்புதான்.

நைட்ரஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 996 அணுக்கள் எடை 14 உடையவை. எஞ்சிய நான்கும் எடை 15 உடையவை. இரண்டும் கதிர்வீச்சு அற்றவை. உரத் தொழிற்சாலை நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுப்பதால், உரத்திலும் ஏறக்குறையக் காற்றின் விகிதமே காணப்படும். மலமூத்திரத்தின் கதை வேறு. அதிலுள்ள யூரியா அம்மோனியாவாகச் சிதையும்போது, நெல் தூற்றுகையில் பதர் பறந்து மணி தங்குவது போல, இலேசான அணுக்கள் முந்திப் பறந்துவிடக் கனத்தவை பின்தங்குகின்றன. ஆகவே பின்னர் அதிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டில் கனத்த அணுவின் விகிதம், காற்றில் உள்ளதைவிடப் பெரும்பாலும் ஆயிரத்துக்குப் பத்து முதல் இருபது வரை உயர்ந்திருக்கும். இத்துணை நுண்ணிய வேறுபாட்டை அளப்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி.

1971-இல் கோல், ஷியரர், காமனர் என்போர் அமெரிக்காவின் ஸங்கமன் ஆற்றுப் படுகையை இவ்வகையில் ஆராய்ந்து, நைட்ரேட்டின் பெரும்பங்கு உரத்திலிருந்து வந்தது என்றனர். மண்ணியலார் சிலர் உடனே மறுத்தனர். மண்ணிலேயே இயல்பாக உள்ள நைட்ரஜன் இடத்துக்கு இடம் மாறுபடுமே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிராணவாயு குன்றிய சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கையில் இலேசானதையே முதலில் உண்கின்றன. மிஞ்சிய உர நைட்ரேட் சாக்கடை நைட்ரேட்டின் வேஷத்தைப் பூண்டுவிடுகிறது! இவ்வேஷத்தைக் கலைக்க நைட்ரேட்டிலுள்ள ஆக்ஸிஜனின் ஐஸோடோப்பையும் உடன் அளக்கிறார்கள். சிதைவு நேர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே உயரும். அப்போதும் மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் பிரித்தறிதல் அரிது. அதற்குப் போரானின் ஐஸோடோப்புகள் சில இடங்களில் உதவுகின்றன.

ஒரு குப்பி நீரைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. மேட்டிலும் பள்ளத்திலும், இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும், கோடையிலும் நீர் முகந்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.