ஐந்தாம் வகுப்போடு நின்ற உப்புமா

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட் அதற்கு முன்பே வந்துவிட்டது. அன்றைய எண்ணூர் காத்திவாக்கத்துப் பையனுக்குப் படிப்பென்றால் நேர்வழி: எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், ஐ.டி.ஐ., அப்ரெண்டிஸ், பிறகு ஏதாவதொரு கம்பெனி. ஃபெயிலானால் அப்பாவோடு வலை இழுக்கலாம். முகத்துவாரத்தில் மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சமில்லை. பெண் பிள்ளைகள் பலருக்கு வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் முடிந்துபோகும்.

1978-ல் பிளஸ் டூ வந்தது. 2011-ல் காத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இலவச மடிக்கணினி, ஸ்மார்ட் வகுப்பறை என்று அரசுப் பள்ளிகளுக்கு நிறையவே வந்திருக்கிறது. ஆனால் பெரிய மாற்றமென்று நான் சொல்வது பெண் பிள்ளைகளைத்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதந்தோறும் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இன்று குப்பத்துப் பெண்கள் மின்சார ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள்.

பள்ளிக்கு வெளியே நிலைமை வேறு. பள்ளி முடித்தால் கம்பெனி வேலை என்ற நம்பிக்கை போய்விட்டது. கிடைப்பது பெரும்பாலும் காண்டிராக்ட். கொசஸ்தலையாற்றில் அனல்மின் சாம்பல் படிந்து மீனும் குறைந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு. அந்தத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 சதவீதம், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சுமார் 87. இந்த இடைவெளிக்கு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்பவர் அந்த டிசம்பரில் எண்ணூரைப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மீன் எடுக்க விடியுமுன் காசிமேட்டுக்குப் போகும் அம்மாவின் பிள்ளை, ஐந்தாவது வரை சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு உட்காரும். ஆறாவதில் டீக்கடை பன்னோடு, அதுவும் இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு, முதல் பீரியடில் கணக்குப் போட வேண்டும். பிளஸ் ஒன் போனால் மதியச் சத்துணவும் கிடையாது.

1982-ல் எம்.ஜி.ஆர். சிறு பிள்ளைகளுக்குத் தொடங்கிய சத்துணவு, 1984-ல் 15 வயது வரை நீட்டிக்கப்பட்டது. காலை உணவையும் அப்படியே பிளஸ் டூ வரை நீட்டிக்க வேண்டும். பொதுச் சமையல்கூடமும் வண்டியும் ஏற்கெனவே இருக்கின்றன; பாத்திரங்கள்தான் கூட வேண்டும்.