கொடியில் காய்ந்த பெருநாள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பெரியநீலாவணையில் எங்கள் வளவுக்கு முதலில் வருவது காகம்தான். ராத்திரி உப்பும் மஞ்சளும் பிரட்டிச் சட்டியில் வைத்த குர்பான் இறைச்சியை விடிந்ததும் மூத்தம்மா கொடியில் தொங்கவிடுவா. காவலுக்கு நான், கையில் ஒரு தென்னோலை.

வித்தை வெட்டில்தான் இருந்தது. சதையைத் துண்டாக்காமல், கத்தியை அங்குமிங்கும் திருப்பி, முழ நீள வாராக விரித்தெடுப்பா. தடித்துப் போனால் வெளியே காய்ந்து உள்ளே நாறும். கொழுப்பையும் வழித்துவிட வேண்டும். அதுதான் முதலில் சிக்கடிக்கும். "உப்பு பாதித் தண்ணிய இழுக்கும், மிச்சத்த வெயில் இழுக்கும் மகன்" என்பா. நாலைந்து வெயில், பிறகு அடுப்புக்கு மேலே புகை. காய்ந்ததை ஊறவைத்து, அம்மியில் தட்டி, தேங்காயெண்ணெயில் பொரித்தால் பழஞ்சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இத்தாலியின் பார்மாவில் பன்றித் தொடையை உப்பிட்டுப் 14 மாதத்துக்குக் குறையாமல் பதமாக்குகிறார்கள். குதிரை எலும்பு ஊசியைக் குத்தி, அதை மோந்து பக்குவம் சொல்வார்கள். அது நமக்கு ஆகாது. ஆனால் அதே நாட்டின் வால்டெல்லினாவில் மாட்டிறைச்சியையும் உப்பிட்டு உலர்த்துகிறார்கள், பிரெசாவோலா என்று. மூத்தம்மாவுக்கு ஊசி தேவைப்படவில்லை. வாரை மடித்துப் பார்ப்பா. மடங்க மறுத்தால் சரி.

மாரியில் பெருநாள் வந்தால்தான் பாடு. பிறைக் கணக்கில் அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2005 ஜனவரியில் வந்தபோது சுனாமி அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடற்கரைப் பக்கம் கொடி கட்டத் தூணில்லை, காயப்போட மனமுமில்லை.

இப்போது பெருநாள் மே, ஜூனில், கச்சான் காற்றோடு வருகிறது. இறைச்சி காய இதைவிட நல்ல காலம் கிடைக்காது. ஆனால் கொடியில் பள்ளிக்கூட உடுப்புத்தான். இறைச்சி பையில் கட்டி ப்ரீசருக்குள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று மாதம் கழித்தும் பிரியாணிக்குக் கை நீட்டுபவன் நான்.

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் போனது. ப்ரீசர் அடியில் சிவப்புத் தண்ணீர் கசிந்தது. உம்மா கத்தியை எடுத்தா. வார் வரவில்லை; கோணல் துண்டுகள்தான் வந்தன. உப்பைப் பிரட்டி, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டா.

அரை மணிக்குள் காகம் வந்துவிட்டது.