டில்லியில் பேரம் பேசுவது எப்படி?

டில்லிக்கு வருகிற நம்மூர் விருந்தாளிகள் குதுப்மினாரைப் பத்தே நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு, "சரி, ஷாப்பிங் எங்கே?" என்பார்கள். எனக்கு கைடு உத்தியோகம். பை தூக்குவது உபரி!

முதலில் பழைய டில்லியின் காரி பாவ்லி. மசாலா சாமான்களின் மொத்தச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மல்தான் வரவேற்பு! பாவ்லி என்றால் படிக்கிணறு. காரி என்றால் உப்புக் கரிப்பது. கிணறு போய்விட்டது, பேர் மிச்சம். ஏலக்காய், முந்திரி வாங்கலாம். மொத்த வியாபாரிக்கு உங்களோடு பேரம் பேச நேரமில்லை.

அடுத்து, சுந்தர் நகர் பக்கம் பழம்பொருள் கடைகள். இங்கே தாராளமாகப் பேரம் பேசலாம். "இந்த விளக்கு எத்தனை வருஷப் பழசு?" என்று கேளுங்கள். 1972-ம் வருஷச் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதனால், "அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சில விளக்குகளுக்குச் சட்டென்று இளமை திரும்பிவிடும்!

கடைசியாக, ஐ.என்.ஏ. மார்க்கெட் எதிரே டில்லி ஹாட். 1994-ல் ஆரம்பித்தது. நாகாலாந்து சாப்பாடு வரை கிடைக்கும். கைவினைக் கலைஞர்களே கடை போடுகிறார்கள். 15 நாள்தான் தவணை. பிறகு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் விற்றால்தான் உண்டு.

மாம்பலத்திலிருந்து வந்திருந்த என் அத்தை, மதுபனி ஓவியம் ஒன்றை எடுத்தாள். விலை 1,600 ரூபாய். "அறுநூறுன்னு சொல்லுடா!" என்றாள். சொன்னேன். அந்த பீகார்ப் பெண்மணி கோபப்படவில்லை. "எட்டு நாள் குனிஞ்சு உட்கார்ந்து போட்டது. நாள் கூலி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அத்தை மனக்கணக்கில் புலி. "எழுபத்தஞ்சு ரூபாயா? அட ராமா!" என்று முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

2025 ஏப்ரல் 30 ராத்திரி இங்கே தீப்பிடித்து, இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த சரக்குதான் இவர்களுக்கு முதல், லாபம் எல்லாமே. இவர்களிடமா பேரம்?

அத்தை பேரத்தை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். வெளியே வந்ததும் ஆட்டோக்காரரிடம் ஆரம்பித்தாள்... தமிழிலேயே!