வட்ட மேசை, வார்சா, 1989

போலந்தின் கம்யூனிஸ்ட் அரசும், அது தடை செய்திருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர்களும் 1989 பிப்ரவரி 6 அன்று இம்மேசையைச் சுற்றி அமர்ந்தனர். சுமார் 9 மீட்டர் விட்டமுள்ள இதற்குத் தலைமை இருக்கை கிடையாது. ஏப்ரல் 5 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. சங்கத்தின் மீதான தடை நீங்கியது. செனட் முழுவதும், கீழவையில் 35 விழுக்காடு இடங்களும் சுதந்திரப் போட்டிக்குத் திறக்கப்பட்டன.

பழைய ஆட்சியாளர்களைத் தப்பவிட்ட மேல்மட்டப் பேரம் இது என்று குறை கூறுவோர் உண்டு. கீழவையின் மீதி இடங்கள் ஆளும் கூட்டணிக்கே ஒதுக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் பேரத்தின் எல்லையை வாக்குச்சீட்டு தாண்டியது. ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டிக்குக் கிடைத்தன. ஆகஸ்ட் 24 அன்று அதன் தலைவர்களில் ஒருவரான ததேயுஷ் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். இரத்தம் சிந்தாமல் ஆட்சி கைமாறியது சிறிய சாதனையன்று. புதிய அரசின் கீழ் 1990 ஜனவரியில் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின. கடைகளில் சரக்கு நிறைந்தது. ஆலைகளில் வேலை பறிபோனது. ஓராண்டுக்குள் வேலையற்றோர் பத்து லட்சத்தைத் தாண்டினர். அந்த வலியை மறைப்பது நேர்மையாகாது. எனினும் ஆட்சியை வாக்கால் மாற்றும் வழியும் இங்கிருந்தே திறந்தது: 1993இல் முன்னாள் கம்யூனிஸ்டுகளின் அணியை மக்கள் ஆட்சியில் அமர்த்தினர், 1997இல் வாக்களித்தே இறக்கினர்.