இரவு 9 மணிக் கணக்கு

ஆரப்பாளையத்தில் எங்கள் சந்தின் மின்கம்பத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி தொங்குகிறது. ஒற்றை ஃபைபர் இழை அதற்குள் நுழைந்து வீடு வீடாகப் பிரிகிறது. பகல் 11 மணிக்குப் பறக்கும் இணையம் இரவு 9 மணிக்குத் தவழும். பிளஸ் டூ படிக்கும் மகளின் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் கை பலகையில் அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் வரும். எங்கே அடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சந்து வரை

இப்படி இழையை வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையின் கொள்ளளவு:

- இறக்கம்: 2,488 எம்பிபிஎஸ்
- ஏற்றம்: 1,244 எம்பிபிஎஸ்
- 64 வீடுகளுக்குப் பிரித்தால்: தலா இறக்கம் 39, ஏற்றம் 19

64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் விற்றது 6,400. இருப்பதைப் போல 2.6 மடங்கு. இதில் ஏமாற்று இல்லை. ஹெச்டி படத்துக்கு 5 போதும். 64 வீடும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 320தான். கொள்ளளவில் 13 சதவீதம். ஆகவே அடைப்பு பெட்டியில் இல்லை.

சந்துக்கு மேலே

ஆபரேட்டர் மொத்தமாக வாங்கும் பேண்ட்வித்தில்தான் நெருக்கடி. 400 வீடுகளுக்கு 1,000 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம்.

- பகலில் 40 வீடுகள் பயன்படுத்தினால்: தலா 25
- இரவில் 400 வீடுகளும் பயன்படுத்தினால்: தலா 2.5

முழுதாக நிரம்பும் முன்பே தாமதம் தொடங்கிவிடும். எளிய வரிசைக் கணக்குப்படி, காலியான பாதையோடு ஒப்பிட்டால்:

- 50 சதவீதம் நிரம்பினால் 2 மடங்கு தாமதம்
- 80 சதவீதத்தில் 5 மடங்கு
- 90 சதவீதத்தில் 10 மடங்கு
- 95 சதவீதத்தில் 20 மடங்கு

உச்ச நேரத்திலும் நிறுவனத்தின் உள் இணைப்புகள் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் விதித்ததன் அருமை இங்கே புரிகிறது. 2009-ல் அது தந்த வழிகாட்டுதலில் பகிர்வு விகிதம், அதாவது ஒரே வேகத்தை எத்தனை இணைப்புகள் பகிரலாம் என்பது, வீடுகளுக்கு 1:50, வணிகத்துக்கு 1:30. 100 எம்பிபிஎஸ்ஸை ஐம்பதால் வகுத்தால் 2. ஒரு ஜிபி பாடக் காணொளி 100-ல் 80 விநாடியில் இறங்கும். 2-ல் 1 மணி 7 நிமிடம் ஆகும்.

பணம்

499 ரூபாய்த் திட்டத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 588.82, வருடத்துக்கு 7,065.84. காலையும் இரவும் ஒரே கட்டணம்தான்.

ஆகவே இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு பேண்ட்வித், இரவு 9 மணிக்கு அது எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்றும் கேளுங்கள். பிள்ளைகள் படிக்கிற நேரம் அதுதான்.