கட்டணத் தேதிக்குப் பின்னால் வரும் உதவி

2020 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் மருத்துவக் கவுன்சலிங் நடந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்ந்து 405 இடங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 14,000 ரூபாய். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தவர்களுக்கோ ஏறத்தாழ 4 லட்சம். கூலி வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் சிலர், கைக்கு வந்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். உதவித்தொகைத் திட்டமே இல்லை என்பதல்ல சிக்கல். பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருந்துவருகிறது. ஆனால் கல்லூரி பணம் கேட்கும் நாள் வேறு, உதவித்தொகை வரும் நாள் வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களுக்குள் அரசு வழி கண்டது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதி, அதிலிருந்து கட்டணம் நேரே கல்லூரிக்கு. உதவித்தொகை வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. 2021-இல் இந்த ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தபோது, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

கல்வி உதவி நியாயமாக இருக்கிறதா என்று பார்க்க, எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். எந்தத் தேதியில் தருகிறார்கள் என்பதையும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும் என்பதற்கு அந்த நவம்பரே சான்று. இதே அளவுகோலைச் சிறுபான்மை மாணவர்களுக்கான உதவியின் மேல் வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, கிறித்தவர்கள் 6.12 விழுக்காடு. மதுரையில் கோரிப்பாளையம், நெல்பேட்டை, மகபூப்பாளையம், ஞானஒளிவுபுரம் எனப் பல பகுதிகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் அறிக்கை தந்ததை அடுத்து, தொழிற்படிப்பு படிக்கும் சிறுபான்மை மாணவர்களுக்காக ஒன்றிய அரசு 2007-இல் தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகையைக் கொண்டுவந்தது. கட்டணத்துக்கென ஆண்டுக்கு 20,000 ரூபாய், விடுதி மாணவருக்குப் பராமரிப்புப் படி 10,000, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 5,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

2007-இல் அது மோசமான தொகையல்ல. ஆனால் தமிழ்நாட்டுச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான கட்டணம் 2017-இல் 50,000 ரூபாயாகவும், தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு 55,000 ரூபாயாகவும் உயர்ந்தது. உதவித்தொகை 20,000-த்திலேயே நின்றுவிட்டது. வருமான வரம்பும் நகரவில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கு நாள் கூலி 450 ரூபாய் வாங்கி, மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் ஆண்டு வருமானம் 2,70,000 ஆகிவிடும். அந்தக் குடும்பம் காகிதத்தில் வசதியானதாகிவிடுகிறது. அதற்கும் மேலே, பட்டியலின மாணவர்களுக்கான உதவியைப் போலத் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைப்பதல்ல இது. மாநிலத்துக்கு இவ்வளவு பேர் என்று வரம்பு உண்டு. மனுப் போட்டவருக்குக் கிடைக்குமா என்பது பட்டியல் வெளியாகும்வரை தெரியாது, அதற்குள் முதல் பருவத் தேர்வே முடிந்துவிடலாம். இதற்கான ஒன்றிய பட்ஜெட் ஒதுக்கீடு 2022–23-இல் 365 கோடி, 2023–24-இல் 44 கோடி, 2025–26-இல் 7.34 கோடி. இவ்வளவு சுருங்கிய பிறகு அதை நம்பி ஒரு பிள்ளை நான்காண்டுப் படிப்பில் சேர முடியுமா?

தாமதம் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். வசதி உள்ளவருக்கு அது சரி. இல்லாதவர் நடுவில் உள்ள மாதங்களை நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோதான் கடக்கிறார். பிற்பாடு வரும் உதவித்தொகையில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. ஆக, ஒரே தொகை ஏழைக்குக் குறைவாகவும் சற்று வசதியானவருக்கு முழுதாகவும் போய்ச் சேருகிறது. அடகு வைக்கவும் ஏதுமில்லாதவர் இடத்தையே இழக்கிறார். 2024-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பட்டியலினக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்தை 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இழந்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. அந்த ஆண்டு முழுக்கத் தேடியிருந்தால் அந்தக் குடும்பம் 17,500 ரூபாயைப் புரட்டியிருக்கும். அன்றைக்கு மாலைக்குள் என்றதுதான் இடித்தது.

2020 நவம்பர் காட்டியதுபோல், சரியான நேரத்தில் பணம் கட்டத் தமிழ்நாட்டுக்குத் தெரியும். தெரிந்த அந்த வழியை யாருக்குத் திறந்துவிட்டிருக்கிறது என்பதில்தான் குறை. 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அதோடு வரும் முழுக் கட்டண உதவியும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர் வெளியே. மதுரை போன்ற பழைய ஊரில் இது சின்ன விஷயமல்ல. இங்கே ஏழைப் பிள்ளைகள் பலர் படிப்பது மிஷன் பள்ளிகளிலும், சேதுபதி மேல்நிலைப் பள்ளி போன்ற நூற்றாண்டு கடந்த உதவிபெறும் பள்ளிகளிலும், சிறுபான்மைச் சமூகங்கள் நடத்தும் பள்ளிகளிலும்தான். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடநூல் அரசுடையது, பிள்ளைகளின் வீட்டு நிலைமையும் ஒன்றே. ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் பொறியியல் கல்லூரியில் கட்டணமும் விடுதியும் இலவசம். எதிர்வீட்டில் உதவிபெறும் பள்ளியில் படித்தவளுக்கு, கிடைத்தால் 20,000. மதம் பார்த்துப் போட்ட கோடல்ல இது. ஆனால் கோடு விழுந்த இடத்தில் நிற்பவர்களில் சிறுபான்மைப் பிள்ளைகள் நிறையப் பேர். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்றே தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை அரசு நீட்டித்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றுக்கொண்ட நியாயம் ஐம்பதாயிரத்துக்கு மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

கோடுகளைத் தாண்டுவது இந்த மாநிலத்துக்குப் புதிதுமல்ல. 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆணைப்படி, கிறித்தவத்துக்கு மாறிய தலித்துகள் பட்டியலினத்தவர் ஆகமாட்டார்கள். இடஒதுக்கீட்டில் இங்கே அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஆனால் கல்வி உதவித்தொகை என்று வரும்போது, ஆதிதிராவிடர் நலத்துறை அவர்களையும் பட்டியலின மாணவர்களோடு சேர்த்தே கவனிக்கிறது. தில்லி எந்தப் பட்டியலில் வைத்தாலும் வீட்டின் வறுமை மாறவில்லை என்று மாநிலம் முடிவெடுத்ததன் விளைவு அது. துணிவான முடிவு, அதற்குரிய பாராட்டு அதற்குக் கிடைக்கவில்லை.

கட்டணத்தை முன்கூட்டியே கல்லூரிக்குக் கட்டும் வழியை எல்லா ஏழை மாணவருக்கும் திறக்கச் சொன்னால் மறுப்புகள் வரும். முதலாவது, மோசடி. 2023-இல் ஒன்றியச் சிறுபான்மையினர் நல அமைச்சகம் 1,572 நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 போலி என்று தெரிந்தது, ஐந்தாண்டுகளில் 144.83 கோடி ரூபாய் இழப்பு என்று சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. முன்கூட்டியே பணம் கொடுத்தால் இன்னும் சூறையாடுவார்கள் என்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போனது, மனுவைப் பெற்று, சரிபார்த்து, மாணவர் கணக்கில் நேரடியாகச் செலுத்திய பழைய முறையில்தானே? கவுன்சலிங்கில் அப்படியல்ல. யார் சேர்கிறார், எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, என்ன கட்டணம் என்பதெல்லாம் ஒதுக்கீட்டு ஆணை கொடுக்கும் நிமிடத்தில் அரசின் கையிலேயே இருக்கின்றன. இல்லாத கல்லூரியை அந்தப் பட்டியலில் நுழைப்பது எளிதல்ல. மோசடிக்கு அஞ்சுபவர்கள் இந்த முறையைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதில் ஒரு குறை நிற்கிறது: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு இது பொருந்தாது. சிறுபான்மைச் சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்குத் தரும் இடங்கள் 50 விழுக்காடு, மற்றவை 65. மீதியில் சேரும் ஏழை மாணவர் இதற்குள் வரமாட்டார். அவரைக் கவுன்சலிங் பக்கம் இழுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இரண்டாவது மறுப்பு, பணம் எங்கே என்பது. சுழல் நிதி பெரும்பாலும் புதுச் செலவல்ல. பின்னால் வரவேண்டிய பணத்தை முன்னால் புரட்டித் தருவது. இதில் உண்மையான முடிச்சு ஒன்று இருக்கிறது. 2021 முதல் பட்டியலின மாணவர்களுக்கான உதவியில் ஒன்றியத்தின் 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. சிறுபான்மை உதவித்தொகையும் அப்படியே. முன்பணம் கட்டிய மாநிலத்துக்கு அது எப்படித் திரும்பும்? அதே 2021 விதிகளிலேயே விடை பாதி இருக்கிறது. ‘ஃப்ரீஷிப் கார்டு’ வைத்திருக்கும் மாணவரை முன்கட்டணம் கேட்காமல் சேர்க்க வேண்டும். பணம் கணக்கில் விழுந்த ஏழு நாளுக்குள் அவர் கட்ட வேண்டும். இந்த அட்டையைச் சிறுபான்மை, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் கொடுத்து, அந்த ஏழு நாளுக்குள் பணத்தைக் கல்லூரிக்குப் பதில் சுழல் நிதிக்குக் கட்டச் சொன்னால் போதும். கொஞ்சம் திரும்பாமல் போகும். அதைச் செலவென்று எழுதிக்கொள்ளலாம்.

கல்விக்கடன் இருக்கிறதே என்பது மூன்றாவது. மதுரையில் மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசனின் முயற்சியில் நடத்திய கடன் முகாம்கள் பலருக்குக் கைகொடுத்தன. சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோவும் கல்விக்கடன் தருகிறது. நல்லதே. ஆனால் கடன் வாங்கிப் படித்தவரும் இலவசமாகப் படித்தவரும் ஒரே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால், இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. மதத்தின் பெயரால் உதவி கூடாது என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. நான் கேட்பது மதத்துக்கான தனிச் சலுகையல்ல. வருமானத்தை மட்டும் பார்த்து, கவுன்சலிங்கில் இடம் பெற்ற எந்த ஏழைக்கும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டுவதுபோல் கட்டு என்பதுதான். அதனால் சிறுபான்மைப் பிள்ளைகள் அதிகம் பயன்பெற்றால், இதுவரை அவர்கள் எவ்வளவு விடுபட்டிருந்தார்கள் என்பதையே அது காட்டும்.

7.5 விழுக்காடு சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அதை ஐந்தாண்டுகளில் மறுஆய்வு செய்யவும் சொல்லியிருக்கிறது. மறுஆய்வு என்றதும் ஒதுக்கீடு தொடருமா என்ற கேள்வியைச் சுற்றியே பேச்சு நடக்கும். அதோடு இன்னொரு கணக்கையும் மேசையில் வைக்கலாம்: இந்த ஐந்தாண்டுகளில் கவுன்சலிங்கில் இடம் பெற்றும் சேராமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வகைப் பள்ளியில் படித்தவர்கள், எந்தச் சமூகத்தவர், கேட்ட கட்டணம் எவ்வளவு. கவுன்சலிங் நடத்தும் துறைகளிடம் இந்த விவரம் முழுவதும் இருக்கிறது.